மூட்டுக் கச்சேரிக்கு ஒரு சாய்வுப் பலகை

வலது கை அரத்தின் பிடியைப் பற்றியிருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் அரத்தின் நுனியைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன. தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது தளர்வு. வைஸ் இடுக்கியில் இறுகியிருந்த இரும்புப் பட்டையிலிருந்து பொடி உதிர்ந்து, கீழே விரித்திருந்த பழைய செய்தித்தாளில் விழுந்தது. அவ்வப்போது கை நின்றது. கட்டைவிரல் நகம் பட்டையின் விளிம்பில் மெல்ல ஓடியது. கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தெரியும். ஓர் இடத்தில் நகம் தடுக்கியது. மறுபடியும் அரம்.

சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "பூசை முடிஞ்சி வந்து சட்டைகூட மாத்தல. அந்தக் கைக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

"கைக்கு ஏது ராணி கிழமை?"

"கறிக்குழம்பு ஆறிகினு இருக்குது. அது சூடா, ஆறிப்போச்சான்னாவது கைக்குத் தெரியுமா?"

கைக்குச் சொந்தக்காரர் சிரித்தார். ஆனால் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

அவர் பெயர் யேசுராஜ். ஓசூரில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் ஃபிட்டர். ஐம்பதைத் தொடப் போகிற வயது. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்பு ஒன்றில் காவலிருந்தவரின் மகன். ஐ.டி.ஐ. வாசலை மிதித்ததில்லை. இரும்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகிற உதவியாளாகத்தான் கம்பெனிக்குள் நுழைந்தார். தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வைஸுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார். அப்படி நின்று நின்றே தொழில் வந்துவிட்டது. ஒரு பாகம் இன்னொன்றுக்குள் 'வெண்ணெயில் கத்தி மாதிரி' போக வேண்டும் என்றால், ஷிப்டில் இருப்பவர்கள் இன்றைக்கும் அவர் பெஞ்சைத்தான் தேடி வருவார்கள்.

அவருக்கு வாய்க்காதது ஒன்றே ஒன்று. பாட்டு.

பாட்டு என்றால் உயிர். ஆனால் குரல் திறந்தால் சுருதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இளவயதில் பங்குக் கோயில் பாடற்குழுவில் சேர்ந்து மூன்றாவது வாரமே, பங்குத்தந்தை தோளில் கை போட்டு வெளியே அழைத்துப் போய், "யேசு, கேக்குறதும் ஒரு ஊழியம்தான்பா" என்றார். யேசுராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றுமுதல் கேட்கிற ஊழியத்தைக் குறைவில்லாமல் செய்துவந்தார். அதே குழுவில் இரண்டாங்குரல் பாடிய கிருபாராணியைக் கேட்டுக் கேட்டே கல்யாணமும் செய்துகொண்டார்.

கேட்பதோடு இன்னொரு ஊழியமும் சேர்ந்தது மூட்டுக் கச்சேரியால்.

நோட்டீஸில் 'எலும்பு, மூட்டு நல ஆராய்ச்சிக்கான உதவிக் கச்சேரி' என்று நீளமாகத்தான் அச்சடிப்பார்கள். ஊரில் அதற்கு மூட்டுக் கச்சேரி என்றுதான் பெயர். ஓசூர் மூட்டு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை எடுத்தவர்களும் அவர்களுடைய உறவினர்களும் சேர்ந்து வருஷத்துக்கொரு முறை ஒரு கல்யாண மண்டபத்தில் நடத்துவது. மேடையேறுகிறவர்கள் பெரிய பாடகர்கள் அல்ல. பஸ் கம்பெனி டிரைவர், நர்ஸம்மாக்கள், கோயில் பஜனைக் குழு, சர்ச் பாடற்குழு, ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருகிற பையன்கள். வாசலில் ஒரு எவர்சில்வர் அண்டா இருக்கும். வருகிறவர்கள் மனம்போல அதில் போடுவார்கள். அத்தனையும் ஆராய்ச்சிக்கு.

கிருபாராணி கோயில் படியில் வழுக்கி இடுப்பு முறிந்து, பொருத்தி, மறுபடி நடக்கத் தொடங்கிய வருஷம்தான் யேசுராஜ் முதல்முறை அந்தக் கச்சேரிக்குப் போனார். கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் முட்டி வலிக்காரர்கள். இறைவணக்கத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பதற்குள் இறைவணக்கமே முடிந்துவிட்டது. யேசுராஜ் பாட்டைக் கேட்டுக்கொண்டே நாற்காலிக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் முன்வரிசை நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் கீழே மரக்கட்டைகள் இருந்தன. உயரமான நாற்காலியிலிருந்து முட்டிக்காரர்கள் அலுங்காமல் எழுந்தார்கள். அதற்கடுத்த வருஷம் மேடைக்கு ஏறப் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பலகை. இப்படி அவருடைய இடம் மேடைக்குக் கீழே என்று ஆனது. மேடைக்கு மேலே அவர் ஏறியதே இல்லை.

அந்த மேடையில் முதல் சத்தம் எழுப்புகிறவர் ஜோதியம்மாள்.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வீடு. ரோஜாப் பண்ணையில் பூக்கொத்துக் கட்டுகிற வேலை பார்த்து ஓய்ந்தவர். கிராமத்துப் பஜனைக் குழுவின் ஆர்மோனியம் அவருடையது. ஒரு நீண்ட சுரத்தில் தொடங்கி, முதலடி கன்னடம், அடுத்தது தெலுங்கு, மூன்றாவது தமிழ் என்று ஒரு பஜனையைப் பாடுவார். மண்டபத்தில் இருக்கிற எவருக்கும், இது எங்கள் பாட்டில்லை என்று சொல்ல இடமிருக்காது. அது முடிந்த பிறகுதான் கச்சேரி கச்சேரியாகும்.

அவருக்கு முடக்குவாதம். விரல் முட்டிகள் வீங்கி அடங்கி, மறுபடி வீங்கும். மருந்தில் வலது கை ஓரளவு தேறியிருந்தது. இந்த வருஷம் இடது மணிக்கட்டு இறுகிவிட்டது. முதல் ஒத்திகையன்று மண்டபத்தின் பின்னறையில் ஆர்மோனியத்தைத் திறந்தார். வலது கை கட்டைகளில் சரியாகத்தான் போய் உட்கார்ந்தது. பின்பக்கத் துருத்தியைத் தள்ள வேண்டிய இடது கை, இரண்டு தள்ளல்களுக்கு மேல் தாங்கவில்லை. சுரம் பாதியில் மூச்சு நின்று விழுந்தது. ஜோதியம்மாள் துருத்தியைப் பூட்டினார். மேலே பட்டுத்துணியைப் போர்த்தினார்.

"இந்த வருசம் நான் கீழ உக்காந்து கேக்குறேன். நீங்க பாடுங்க."

"அதெப்பிடி அக்கா? நான் தள்ளுறேன், நீங்க வாசிங்க" என்று முன்வந்தார் திம்மப்பன். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், பஜனைக் குழுவின் டோலக்குக்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், சண்டைக்குத் தமிழ் என்று வைத்திருக்கிற மனுஷர்.

தள்ளிப் பார்த்தார். அவர் வேகமாகத் தள்ளினால் பாட்டு கத்தியது. மெதுவாகத் தள்ளினால் தூங்கியது. ஜோதியம்மாள் ஒரு வார்த்தையில் மெல்லத் தேய்ந்து நிற்க நினைத்த இடத்தில் திம்மப்பன் பஸ்ஸுக்குக் கியர் மாற்றினார்.

"திம்மப்பா, போதும்பா" என்று சிரித்தார் ஜோதியம்மாள். "காத்து என்னோடதா இருக்கணும். இன்னொருத்தர் மூச்சுல நான் பாட முடியாது."

சிரிப்போடுதான் சொன்னார். ஆனால் துணியின் ஓரத்தைச் செருகும்போது முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். டாக்டர் ஹரிணி அருகே வந்து அந்த மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்தார். அவர்தான் ஆராய்ச்சியை நடத்துகிறவர். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இந்த நோய் எப்படித் தொடங்குகிறது, எதில் அடங்குகிறது என்று வருஷக்கணக்காக ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். முதன்முதலில் ரத்தம் கொடுக்க முன்வந்தவர் ஜோதியம்மாள்தான். ரத்தம் எடுக்கிறார்கள் என்று பயந்து ஒதுங்கிய பண்ணைப் பெண்களை, "என் ரத்தமே தேவலைன்னு வாங்கிகினாங்க, உங்களுதுக்கு என்ன கேடு?" என்று திட்டி அழைத்து வந்தவரும் அவர்தான்.

"வீக்கத்த அடக்க முடியும்மா. இறுகினதத் திறக்குறதுக்கு இன்னும் எங்களுக்கு வழி தெரியல" என்றார் டாக்டர்.

"அதுக்குத்தானே கச்சேரி வெக்கிறோம். தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லு கண்ணு" என்றார் ஜோதியம்மாள்.

அறை வாசலில் சரிவுப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த யேசுராஜ் இதையெல்லாம் கேட்டார். கேட்பதுதானே அவர் ஊழியம். சுத்தியலை வைத்துவிட்டு வந்து, "அக்கா, கை இல்லாம காத்து வந்தா வாசிப்பீங்களா?" என்றார்.

"வந்தா வாசிக்கிறேன் தம்பி. என் மூச்சோட வரணும்."

அதன்பிறகு வந்த ஞாயிறுதான் கறிக்குழம்பு ஆறிய ஞாயிறு.

யேசுராஜின் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. சின்ன வயதில் கோயிலில் இருந்த மிதி ஆர்மோனியம். மேசை போல நின்றிருக்கும். கீழே இரண்டு மிதிகள். உபதேசியார் இரண்டு கால்களாலும் மாற்றி மாற்றி மிதிக்க, கோயிலே நிரம்புகிற மாதிரி சத்தம் வரும். அதையே அவர் சின்னதாகச் செய்தார். ஆர்மோனியத்தை வைக்க உயரமான மரத்தாங்கி. கீழே ஒரு மிதி. மிதியிலிருந்து இரும்புப் பட்டை ஒன்று மேலேறித் துருத்தியை இழுக்கும். மிதியின் மேல் கால் வழுக்காமலிருக்க ரப்பர் ஒட்டினார். அந்தப் பட்டையின் விளிம்பில்தான் நகம் அத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஜோதியம்மாளின் புடவைத் தலைப்பு உரசினாலும் இழை பிடிக்கக் கூடாது என்று.

சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கெலவரப்பள்ளிக்குக் கொண்டுபோனார். ஜோதியம்மாள் வீட்டு முன்னறையில் இறக்கி, பெருமையோடு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"இங்க ஆர்மோனியத்த வெச்சிக்குங்க. இங்க காலால மிதிங்க. அவ்வளவுதான் அக்கா."

ஜோதியம்மாள் மிதியைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். அது போய்ச் சேர்கிற இடத்தைப் பார்த்தார்.

"எவ்ளோ அழகா பண்ணியிருக்கே தம்பி" என்றார். உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். முறுக்கு கொண்டுவந்தார். கிருபாராணியின் இடுப்பைப் பற்றி விசாரித்தார். அணையில் தண்ணீர் வந்திருப்பதைச் சொன்னார். சுவரோரம் பட்டுத்துணி போர்த்திக்கொண்டிருந்த ஆர்மோனியத்தை மட்டும் எடுக்கவில்லை.

"ஒரு தடவ மிதிச்சிப் பாருங்களேன்."

"பாக்குறேன் தம்பி. அப்பறமா பாக்குறேன்."

யேசுராஜ் திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். உயரம் தப்பா? மிதி கனமா? கால் விரலிலும் வீக்கம் இருக்குமோ? டூல்ரூமில் ஒரு பாகம் திரும்பி வந்தால் அதில் எந்த இடம் தப்பு என்று சாக்பீஸில் வட்டம் போட்டு அனுப்புவார்கள். இங்கே வட்டமில்லை. முறுக்குதான் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் கம்பெனி வாசலில் பஸ்ஸை நிறுத்திக்கொண்டிருந்த திம்மப்பனைப் பிடித்து விஷயத்தைச் சொன்னார். திம்மப்பன் ஸ்டியரிங்கின் மேல் விழுந்து சிரித்தார். ஹாரன் தானாக அடித்தது.

"ஏனப்பா யேசு! புத்தகம் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற பொம்பள அது. சரஸ்வதி மேல காலை வெச்சு மிதின்னு சொல்லிட்டு வந்திருக்கே!"

யேசுராஜுக்கு முகம் சிவந்தது. "எங்க கோயில்ல மிதிச்சிதானே வாசிப்பாங்க..."

"உங்க கோயில்ல ஷூ போட்டுகினு உள்ள வருவீங்க. நாங்க வருவமா? அக்கா வாயத் தொறந்து சொல்லாது. நீ மனசு நொந்துருவேன்னு காப்பியக் குடுத்து அனுப்பிருச்சு."

"நடுவுல பட்டைய எடுத்துட்டு நீளமா கேபிள் வெச்சு, மிதிய தள்ளி வெச்சா?"

"கயிறு நீளமா இருந்தா மிதிக்கிறது மிதிக்கிறதில்லேன்னு ஆயிருமாப்பா?"

ஆகாதுதான். அன்று சாயந்திரம் கிருபாராணியிடம் சொன்னபோது, அவள் கரண்டியோடு நின்று சிரிக்கிற சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எத்தினி வருசமா அந்த அக்கா மேடைக்கு ஏறுறதப் பாக்குறீங்க. செருப்ப எங்க கழட்டி வெக்கிறாங்கன்னு பாத்ததே இல்லியா?"

"நான் நாற்காலிக் காலத்தானே பாத்துகினு இருந்தேன்."

"அதுக்குத்தான் ஃபாதர் கேக்கச் சொன்னாரு. செய்யறதுக்கு முன்னாடியும் கேக்கலாம், தப்பில்ல."

மனைவி சொன்னது சரியான இடத்தில் பிசிறெடுத்தது. அடுத்த ஒத்திகைக்கு யேசுராஜ் ஆணியோ சுத்தியலோ எடுத்துப் போகவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஜோதியம்மாளை மட்டும் பார்த்தார்.

ஆர்மோனியம் இல்லாமல், திம்மப்பனின் டோலக்கோடு அவர் வெறுமனே பாடிக்காட்டிக்கொண்டிருந்தார். கை மடியில் கிடந்தது. கால் அசையவில்லை. ஆனால் உடம்பு சும்மா இல்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் லேசாகப் பின்னால் சாய்ந்தார். பாடப் பாட முன்னால் வந்தார். மறுபடி சாய்ந்தார். நீளமான அடிக்கு நிறையச் சாய்ந்தார், சின்ன அடிக்குக் கொஞ்சம். கொல்லன் பட்டறைத் துருத்திபோல ஒரு தாளம். அவர் மூச்சு எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

யேசுராஜ் எழுந்துபோய் டாக்டர் ஹரிணியிடம் நின்றார். "டாக்டரம்மா, அக்காவுக்கு முதுகு எப்பிடி?"

"முதுகு நல்லா இருக்கு. ஏன்?"

"சாஞ்சா வலிக்காதே?"

டாக்டர் புரிந்துகொண்டார். மேசை ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். "இவ்வளவு எதிர்ப்பு இருக்கலாம். இதுக்கு மேல வேண்டாம். எங்க, நீங்க அழுத்துங்க பாப்போம்." யேசுராஜ் அழுத்தினார். "இது ஜாஸ்தி." மறுபடி அழுத்தினார். "இன்னும் கம்மி." கடைசியில் டாக்டர் தலையாட்டிய அழுத்தத்தை யேசுராஜின் உள்ளங்கை மனப்பாடம் செய்துகொண்டது.

இந்தத் தடவை செய்வதற்கு முன்னாலேயே கெலவரப்பள்ளிக்குப் போனார். பாக்கெட்டில் சாக்பீஸ். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். ஜோதியம்மாள் முகத்தில் ஒரு தயக்கம் தெரிவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"அக்கா, மன்னிச்சிருங்க. எங்க பக்கம் மிதிக்கிறது வழக்கம். எனக்குத் தோணவே இல்ல."

"ஐயோ தம்பி, நீ ஆசையா செஞ்சது. நானும் சொல்லத் தெரியாம முறுக்க நீட்டிட்டேன்" என்று ஜோதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

யேசுராஜ் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தார். இது நீங்கள் உட்காரும் முக்காலி, இது தனி. இது முதுகுக்குப் பின்னால் நிற்கிற பலகை. இதில் சாய்ந்தால் பலகை கொஞ்சம் பின்னால் போகும். அதிலிருந்து ஒரு கேபிள், வண்டி கிளட்சுக்கு இருக்குமே, அதுதான். அது போய் ஆர்மோனியத் துருத்தியை இழுக்கும். உள்ளே இருக்கிற இரண்டாவது துருத்தி காற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

"இது ஆவுமா அக்கா? சாயலாமா?"

ஜோதியம்மாள் குனிந்து கோட்டைப் பார்த்தார். கேபிள் போகிற கோட்டின் மேல் மட்டும் கட்டை விரலை நீட்டினார். "இது என் கால் பக்கமா போவுது. எப்பவாச்சும் கால் பட்டுரும். தோள் பக்கமா கொண்டு போவ முடியுமா?"

"முடியும்."

"அப்ப சாயலாம். சாமி கோயில் தூண் மேலயே சாஞ்சிகினுதான் பாடுறோம்" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஆர்மோனியத்துல ஓட்டை கீட்டை போடுவியா?"

"ஒண்ணும் போட மாட்டேன். கவ்வுற மாதிரி ஒரு கொக்கி. கழட்டினா அடையாளமே இருக்காது."

பலகைக்கு மாமரம் எடுத்தார். அப்பா காவலிருந்த தோப்பில் காற்றுக்குச் சாய்ந்த ஒரு மரத்தின் பலகை, வீட்டுக் கொட்டகையில் வெகுகாலமாக எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. இழைத்தபோது தேன் நிறத்தில் வரி வரியாக வந்தது. மனித முதுகு நேரானதில்லை என்று கிருபாராணியை உட்கார வைத்து, சாய வைத்து, பள்ளம் எடுத்தார். "என் இடுப்பு பொருத்துறப்பகூட டாக்டருங்க இவ்ளோ தடவ அளக்கல" என்றாள் அவள். பழைய மொபெட்டிலிருந்து எடுத்த கிளட்ச் கேபிளைக் கழுவி எண்ணெயிட்டார். சாய்ந்த பலகையைத் திருப்பித் தள்ளுகிற ஸ்ப்ரிங்கை மூன்று முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் உள்ளங்கையை வைத்து அழுத்தி, டாக்டர் தலையாட்டிய அழுத்தத்தைத் தேடினார். கிடைத்தது.

கச்சேரிக்கு முந்தின நாள் ஒத்திகையில், மேடைக்குக் கீழே, பலகையைக் கொண்டுவந்து பொருத்தினார். ஜோதியம்மாள் செருப்பைக் கழற்றி, ஆர்மோனியத்தைத் தொட்டுக் கும்பிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார். இடது கையை மடியில் கிடத்தினார். சாய்ந்தார்.

ஆர்மோனியம் பாடியது.

தேய்ந்து நிற்க வேண்டிய இடத்தில் தேய்ந்து நின்றது. எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பியது. நர்ஸம்மாக்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். திம்மப்பன், "சென்னாகிதே, சென்னாகிதே!" என்று கன்னடத்தில் மெச்சிக்கொண்டே டோலக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். யாரோ மைக்கை நகர்த்தி ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்போதுதான் கேட்டது. ஒவ்வொரு சாய்வுக்கும் பலகையின் கீல் ஓர் எலிக்குஞ்சு போலக் கீச்சிட்டது. மைக் அதை எடுத்து மண்டபம் முழுவதும் பரிமாறியது.

திம்மப்பன் தாளத்தை நிறுத்தினார். "அக்கா, இது பலகையா, உங்க முட்டியா?"

"என் முட்டியா இருந்தா சுதியோட கத்தும்டா" என்றார் ஜோதியம்மாள். மண்டபமே சிரித்தது. அவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். யேசுராஜ் மட்டும் கீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பரவால்ல விடு. மைக்க தள்ளி வெச்சிக்கலாம்."

"இல்லக்கா" என்று கொக்கியைக் கழற்றிப் பலகையைத் தோளில் ஏற்றினார். "நாளைக்குக் கொண்டாறேன்."

எண்ணெய் விட்டால் சத்தம் போகும். ஆனால் எண்ணெய் கசிந்து பட்டுப்புடவையில் கறை வைக்கும். கிரீஸும் அப்படித்தான். கொட்டகையில் உட்கார்ந்து கீலைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால், கிருபாராணி ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். கோயில் பீடத்தில் எரிந்து மீந்த மெழுகுவத்தித் துண்டுகள். அலமாரி இழுப்பறை இறுகினால் அவள் தேய்க்கிறது அது.

கீலின் அச்சில், துளையில், மரமும் இரும்பும் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் மெழுகைத் தேய்த்தார். துணியால் துடைத்தார். மறுபடி தேய்த்தார். பொருத்தி, காதை மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பலகையை முன்னும் பின்னும் அசைத்தார். சத்தமே இல்லை. இன்னும் ஒரு தடவை அசைத்தார். காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது.

கச்சேரியன்று அவருக்குப் பகல் ஷிப்ட். முடிந்ததும் யூனிஃபார்மோடு பலகையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். எவர்சில்வர் அண்டாவைச் சுற்றி வாசலில் கூட்டம். உள்ளே கட்டைமேல் நிற்கும் நாற்காலிகள் எல்லாம் நிறைந்துவிட்டிருந்தன. ஊன்றுகோல்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்திருந்தன. மேடையில் பட்டுத்துணி எடுத்த ஆர்மோனியம், முக்காலி, ஜோதியம்மாள். அரக்குப் பட்டு, தலையில் ஓசூர் ரோஜா. முக்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

யேசுராஜ் வழக்கம்போல மேடைக்குப் பின்புறமாகக் குனிந்து போகப் பார்த்தார். திம்மப்பன் மேலிருந்து கையை நீட்டி வழி மறித்தார்.

"அங்க எங்கப்பா போறே? மேல வா. அக்கா காத்துகினு இருக்குது."

"நான் பின்னால இருந்தே மாட்டிடுறேன்..."

"செஞ்சவன் கையால வாங்காம அக்கா எந்த வாத்தியத்தையும் மேடையில தொடாது. அது எங்க வழக்கம். உன் மிதிக்கு நாங்க சிரிச்சாச்சு, இப்ப எங்க வழக்கத்துக்கு நீ ஏறு."

முன்வரிசையில் கிருபாராணி கையை வீசினாள், போங்க போங்க என்று. சரிவுப் பலகையின் அடியில் யேசுராஜ் நின்றார். கீழே பார்த்தார். இரும்பு மூக்கு வைத்த கம்பெனி ஷூ. சாய்வுப் பலகையைத் திம்மப்பனிடம் ஒரு கணம் கொடுத்துவிட்டு, குனிந்து, நாடாவை அவிழ்த்து, ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்து, பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தான் செய்த சரிவில் தன் வெறுங்காலால் முதல்முறை ஏறினார். மரம் வழுவழுப்பாகத்தான் இருந்தது.

டாக்டர் ஹரிணி மைக்கை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். ஜோதியம்மாள் பலகையின் தலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். வலது கட்டைவிரல் கொஞ்சம் கோணலாகத்தான் பட்டது. "உங்க வழக்கம் என்ன தம்பி?" என்று கேட்டார். யேசுராஜ் யோசித்து, பொட்டுக்குக் கீழே மரத்தின் மேல் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டார். அது கண்ணுக்குத் தெரியவில்லை, மெழுகின் வாசம் மட்டும் வந்தது.

"இப்ப குடு" என்றார் ஜோதியம்மாள்.

ஜோதியம்மாளின் கைவிரல்கள் கனமான எதையும் இறுகப் பிடிக்கிற நிலையில் இல்லை. அதனால் பிரசாதத்துக்குத் தட்டேந்துவதுபோல இரண்டு முன்னங்கைகளையும் சேர்த்து நீட்டினார். யேசுராஜ் மாமரப் பலகையை அவற்றின் மேல் கிடத்தினார். தன் கைகளை அடியிலிருந்து எடுக்கவில்லை. எடையெல்லாம் தன்னிடமே இருக்கும்படி தாங்கிக்கொண்டு, பலகையை மட்டும் அவர் கையில் கொடுத்தார்.